தாயக்கட்டை ஏன் உருளவில்லை?

அல்சூரில் எங்கள் கீழ்வீட்டுப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான். பாட்டியோடு ஆடும் தாயத்தைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியிருக்கிறான். கட்டையை உருட்ட ரேண்டம் மாட்யூல் வேண்டும். மாட்யூல் என்பது எடுத்துப் பயன்படுத்தும் நிரல் கோப்பு; ரேண்டத்தில் ஏதோ ஒரு எண்ணை எடுத்துத் தரும் கட்டளைதான் ரேண்டின்ட். "அண்ணா, பைத்தானை மூணு தடவை அழிச்சுட்டு மறுபடி போட்டேன். ரேண்டம்ல ரேண்டின்ட் இல்லைன்னே சொல்லுது. அது பைத்தானோடயே வர்றதுதானே?"

வருவதுதான். அவன் கோப்பின் பெயரைப் பார்த்தேன்: ரேண்டம் டாட் பை.

இம்போர்ட், அதாவது இந்த மாட்யூலைக் கொண்டுவா, என்றதும் பைத்தான் முதலில் பார்ப்பது, ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பதிவேட்டை. அதன் பெயர் சிஸ் டாட் மாட்யூல்ஸ். அங்கே இல்லையென்றால் தனக்குள்ளேயே கட்டப்பட்டவற்றைப் பார்க்கும். அப்புறம் சிஸ் டாட் பாத் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் துழாவும். முதலில் கிடைத்ததோடு தேடல் முடிந்தது. அந்தப் பட்டியலில் முதல் இடம், நாம் ஓட்டும் கோப்பு இருக்கிற ஃபோல்டருக்கு. ரேண்டம் இருக்கிற பைத்தானின் சொந்த நூலகம் அதற்குப் பின்னால்தான்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். கோப்பின் முதல் வரியில் 'வந்தேன்' என்று பிரின்ட் செய்யச் சொல்லி, ஓட்டச் சொன்னேன். திரையில் 'வந்தேன்' இரண்டு தடவை விழுந்தது, அப்புறம் பிழை. ஒரே கோப்பு எப்படி இரண்டு தடவை ஓடியது?

நாம் நேரடியாக ஓட்டும் கோப்பு பதிவேட்டில் மெயின் என்ற பெயரில்தான் ஏறும். அதனால் 'இம்போர்ட் ரேண்டம்' வரி வந்தபோது பதிவேட்டில் ரேண்டம் என்று யாரும் இல்லை. தேடினால், பக்கத்திலேயே அதே கோப்பு. பைத்தானுக்கு அது புது ஆள். ரேண்டம் என்று பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டு, கோப்பை மேலிருந்து ஓட்டத் தொடங்குகிறது. இரண்டாவது 'வந்தேன்' அதுதான். அடுத்த வரி மறுபடியும் 'இம்போர்ட் ரேண்டம்'. இப்போது பதிவேட்டில் பெயர் இருக்கிறதே! ஒரு வரி மட்டும் ஓடியிருக்கிற அந்த அரைகுறை மாட்யூலையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அதில் ரேண்டின்ட் எங்கிருந்து வரும்?

ஓட்டி முடிக்கும் முன்பே பெயரை எழுதுவானேன் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. எழுதாவிட்டால், ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் இரண்டு மாட்யூல்கள் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், முடிவே வராது. முதலில் பெயர், பிறகு வேலை என்ற இந்த வரிசைதான் அதைத் தடுக்கிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது அழகாகத்தான் இருக்கிறது.

அவன் திரும்பத் திரும்பப் போட்டது கல்லூரி லேபில் கொடுத்த பழைய 3.10 பதிப்பு. 2024 அக்டோபரில் வந்த 3.13 என்றால், கோப்பின் முகவரியையே காட்டி 'பெயரை மாற்றிப் பாருங்கள்' என்று சொல்லியிருக்கும்.

மாட்யூலே கிடைக்கவில்லை என்ற பிழை வேறு. அதற்குப் பெரும்பாலும் காரணம், வெளி மாட்யூல்களை நிறுவித் தரும் பிப் ஒரு பைத்தானில் நிறுவ, நாம் இன்னொன்றில் ஓட்டுவது. 'பைத்தான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால்' என்று அடித்தால், எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறோமோ அதிலேயே போய்ச் சேரும். நிறுவும் பெயரும் இம்போர்ட் பெயரும் வேறாகவும் இருக்கலாம்: படங்களைக் கையாளும் பில்லோவை நிறுவிவிட்டு இம்போர்ட் செய்வது பிஐஎல்.

கோப்புக்குத் தாயம் டாட் பை என்று பெயர் மாற்றினோம், கட்டை உருண்டது. உடனே அவன் பைகேஷ் ஃபோல்டரை அழிக்கப் போனான். இம்போர்ட் ஆன கோப்பைத் தனக்கேற்றபடி மாற்றி, பிஒய்சி கோப்பாகப் பைத்தான் சேமித்து வைக்கும் இடம் அது. அழிக்காவிட்டால் பழைய பிழை திரும்ப வரும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். இம்போர்ட் வரியை மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புகள், பைத்தான் எங்கே தேடுகிறது என்று ஒரு மணி நேரம் சொல்லித் தந்தால் இப்படிப்பட்ட மூடநம்பிக்கைகள் முளைக்காது. பைத்தான் 2இல் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 3.2இலிருந்து, மூலக்கோப்பு இல்லையென்றால் பைகேஷுக்குள் கிடப்பதை பைத்தான் இம்போர்ட் செய்யாது.

"இருடா, அழிக்காதே. திறந்து பார்" என்றேன். உள்ளே ரேண்டம் என்ற பெயரில் ஒரு பிஒய்சி கோப்பு. நேரடியாக ஓட்டும் கோப்புக்குப் பைகேஷில் எதுவும் சேராது, இம்போர்ட் ஆன கோப்புக்குத்தான் சேரும். அவன் எழுதிய கோப்பு தன்னைத்தானே இம்போர்ட் செய்ததற்கான தடயம் அங்கே அப்படியே கிடந்தது.