மூன்று டிகிரியா, இருபத்தேழு டிகிரியா: பிக்கப் வாங்கும் முன் டிஃபரன்ஷியலைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நடுத்தர அளவு பிக்கப் ஒன்று வாங்கப்போகிறேன். வாரம் முழுக்க ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை. எப்போதாவது மலைப்பாதை, ஆற்றுப்படுகை. ஒரே மாடலில் இரண்டு ரகம் பார்த்தேன். இரண்டுமே ஃபோர் வீல் டிரைவ். ஒன்றில் மட்டும் பின் டிஃபரன்ஷியல் லாக் உண்டு, அதற்குத் தனி விலை. நாலு சக்கரமும்தான் சுற்றுகிறதே, அப்புறம் லாக் எதற்கு?”

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. நாலு சக்கரமும் சுற்றும் என்பது சமதரையில் சரி. சாதாரண டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியை ஆக்சிலின் நடுவிலிருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) பொருத்திய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் கதை முடிந்தது. மற்ற இரண்டும் காய்ந்த பாறைமேல் உட்கார்ந்திருந்தாலும் வண்டி ஓர் அங்குலம் நகராது. குதிரைத்திறன் 200 ஆனாலும் 400 ஆனாலும் அதே கதிதான்.

ஏன் என்று பார்க்க, வண்டி திரும்பும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, தாண்டிவிடலாம். ஷாஃப்ட் பின் ஆக்சிலின் நடுவே வந்து சேர்கிறது. அங்கிருந்து இடமும் வலமும் ஒரு சக்கரத்துக்கு ஓர் அச்சு போகிறது. இரண்டையும் ஒரே தண்டாகப் பற்றவைத்துவிட்டால் என்ன?

நேராகப் போகும்வரை ஒன்றும் ஆகாது. திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் போகும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1.6 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட வேண்டிய தூரம் 2 × பை × 1.6, அதாவது ஏறக்குறைய 10 மீட்டர். இதில் அழகு என்னவென்றால், வட்டத்தின் ஆரம் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஒடுக்கமான சந்தில் வட்டமடித்தாலும் சரி, ஒரு பெரிய மைதானத்தைச் சுற்றி வந்தாலும் சரி, அதே 10 மீட்டர்தான். சாதாரணமாக ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பினாலே இரண்டரை மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒரே தண்டாக இருந்தால் அந்த இரண்டரை மீட்டரையும் ஏதோ ஒரு டயர் தார்மேல் தேய்ந்துகொண்டேதான் கடக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் டிஃபரன்ஷியலுக்கு 1827-இல் பிரான்ஸில் கடிகாரத் தொழில் தெரிந்த ஒனேசிஃபோர் பெக்கேர் என்பவர் காப்புரிமை வாங்கினார். அவர் அதைச் செய்தது ஒரு நீராவி வண்டிக்காக. பெட்ரோல் கார் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்குமேல் பாக்கி. இன்று உங்கள் வண்டிக்கடியில் இருப்பதும் அடிப்படையில் அவருடைய டிஃபரன்ஷியல்தான்.

உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். இடது அச்சின் நுனியில் ஒரு கூம்புப் பல்சக்கரம், வலது அச்சின் நுனியில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் இரண்டு பக்கத்துப் பற்களோடும் ஒருசேரக் கோத்து நிற்கின்றன. இந்தச் சின்னச் சக்கரங்களைத் தாங்கிய கூட்டைத்தான் எஞ்சின் சுற்றுகிறது. ஒரு நீண்ட கோலின் நடுவைப் பிடித்துத் தள்ளுகிறீர்கள், அதன் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பாரம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பாரமும் சமமாக இருந்தால் கோல் நேராகவே முன்னேறும். ஒன்று பின்தங்கினால் கோல் சாய்ந்துகொள்ளும், மற்ற முனை அதே அளவு முந்திப் போகும். நடுப்புள்ளியின் வேகம் எப்போதும் இரு முனைகளின் சராசரி.

வேகத்தைப் பொறுத்தவரை இது அற்புதமான ஏற்பாடு. சென்சார் இல்லை, கணினி இல்லை. சாலையின் வளைவே பற்களுக்குள் புகுந்து பங்கு பிரித்துவிடுகிறது. ஆனால் விசையைப் பாருங்கள். நடுவில் தள்ளப்படும் கோலின் இரு முனைகளிலும் விசை எப்போதும் சமம். ஒரு முனையில் பாரமே இல்லையென்றால் கோல் அந்தப் பக்கம் சும்மா சுழன்றுவிடும், மறுமுனைக்கும் விசை போய்ச் சேராது. சாதாரண டிஃபரன்ஷியலும் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். “வழுக்குற சக்கரத்துக்கே பவர் எல்லாம் போயிடுது” என்று மெக்கானிக்குகள்கூடச் சொல்வதுண்டு. அங்கே போவது வேகம் மட்டும்தான். முறுக்குவிசை அதற்கும் கிடைப்பதில்லை, பாறைமேல் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைப்பதில்லை. பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் இருவருக்கும்.

எண்ணில் பார்த்துவிடலாம். வண்டியின் நிறை 2,000 கிலோ, சக்கரத்துக்கு 500 கிலோ வீதம். அதாவது ஒவ்வொரு சக்கரமும் தரையை ஏறக்குறைய 5,000 நியூட்டன் விசையோடு அழுத்துகிறது. இடப்பக்கச் சக்கரங்கள் பாறைமேல், உராய்வுக் கெழு 0.8. வலப்பக்கச் சக்கரங்கள் ஈரக் களிமண்ணில், 0.1. பாறைமேல் உள்ள ஒரு சக்கரம் 4,000 நியூட்டன் இழுக்க வல்லது, களிமண்ணில் உள்ளது 500 மட்டும்.

பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டிக்குக் கிடைப்பது 500, அதற்குச் சமமாக இன்னொரு 500, ஆக 1,000 நியூட்டன். 20,000 நியூட்டன் எடையை இதை வைத்துக்கொண்டு ஏற்ற முடிந்த சரிவு மூன்று டிகிரி. அதே வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் போட்டால் 2,000 நியூட்டன், கிட்டத்தட்ட ஆறு டிகிரி. இப்போது ஃபோர் வீல் டிரைவே இல்லாத வண்டியில் பின் டிஃபரன்ஷியலை மட்டும் லாக் செய்யுங்கள்: 4,000 கூட்டல் 500, ஆக 4,500 நியூட்டன், பதின்மூன்று டிகிரி! லாக் இல்லாத நாலு சக்கரத்தை லாக் உள்ள இரண்டு சக்கரம் இந்த இடத்தில் இரண்டு மடங்குக்குமேல் மிஞ்சிவிடுகிறது. ஃபோர் வீல் டிரைவும் பின் லாக்கும் சேர்ந்தால் பதினாறு. முன்னும் பின்னும் லாக் என்றால் இருபத்தேழு. சேற்றில் சக்கரம் புதைவதால் வரும் தடையை நான் விட்டுவிட்டேன், ஆகவே நிஜத்தில் எல்லா எண்ணும் குறையும். வரிசை மாறாது.

வாசகரின் கேள்விக்குப் பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. மீதி எல்லாம் நடைமுறை.

லாக் என்பது அந்தச் சின்னப் பல்சக்கரங்களைச் சுழலவிடாமல் பிடித்து, இரண்டு அச்சையும் ஒரே தண்டாக்கிவிடுவது. அதாவது பெக்கேர் செய்ததை ஒரு பொத்தானை அமுக்கித் தற்காலிகமாக ரத்து செய்வது. அதனாலேயே தார்ச்சாலையில் அதைத் தொடக்கூடாது. பல வண்டிகளில் குறைந்த வேகத்தில்தான் அது பிடிக்கும். சரிந்த பாறைவிளிம்பில் பக்கவாட்டில் போகும்போது லாக் எதிரியாகவும் மாறும்: ஒரு சக்கரம் மட்டும் சுழன்று மற்றது பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் இரண்டும் சேர்ந்து வழுக்கி, வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி இறங்கும். முன் லாக் போட்டால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். ஏற வேண்டிய இடத்துக்கு முன்னால் போட்டு, ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

“எங்கள் வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது, லாக் தேவையில்லை” என்று விற்பனையாளர் சொல்வார். பாதி உண்மை. சுழலும் சக்கரத்தை மட்டும் கணினி பிரேக் பிடிக்கிறது. கோலின் வெறுமையான முனையில் செயற்கையாக ஒரு பாரம் ஏற்றிவிடும் தந்திரம் அது. மறுமுனைக்கு அதே அளவு முறுக்குவிசை கிடைத்துவிடும். ஆனால் பாறைமேல் உள்ள சக்கரத்துக்குப் போவதற்குச் சமமான பங்கை பிரேக்கிலும் கொட்டி வெப்பமாக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடேறும், வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறும். எப்போதாவது ஒரு சேற்றுக்குழி என்றால் இது தாராளமாகப் போதும்.

லிமிடெட் ஸ்லிப் என்று ஒரு வகை டிஃபரன்ஷியல் உண்டு, முழுதாகப் பூட்டாமல் ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதை மட்டுப்படுத்துவது. அதில் எனக்குப் பிடித்தது 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்ற டோர்சன். புழுப்பற்சக்கரங்களின் உராய்வை வைத்தே, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு மற்றதைவிடச் சில மடங்கு முறுக்குவிசையைத் தள்ளும். மழைச்சாலைக்கு அருமையான சாதனம். ஆனால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால்? பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யம்தான். அப்போது பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுப்பார்கள். பூஜ்யம் அல்லாத ஓர் எண் கிடைத்தவுடன் டோர்சன் விழித்துக்கொள்ளும்.

இன்னொரு இடத்திலும் இதே கணக்கு வருகிறது. திரும்பும்போது முன் ஆக்சில் பின் ஆக்சிலைவிட நீண்ட பாதையில் போகிறது. சக்கர அடித்தளம் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரம்) 3.2 மீட்டர், பின் ஆக்சில் 6 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், பித்தாகரஸ் தேற்றப்படி முன் ஆக்சிலின் ஆரம் 6.8 மீட்டர். பெரும்பாலான பிக்கப்புகளில் ஃபோர் வீல் டிரைவ் போட்டதும் முன்னும் பின்னும் இறுகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த சாலையில் இப்படி வளைத்தால் ஷாஃப்டுகள் முறுக்கேறி, வண்டி முக்கி நிற்கும். எனவே பகலும் இரவும் மழையில் ஓட்டுபவருக்கு நடு டிஃபரன்ஷியலோ, தானியங்கியாகச் சேர்ந்து பிரியும் கிளட்சோ உள்ள வண்டி நல்லது. மிட்சுபிஷி டிரைட்டனின் சூப்பர் செலக்ட் அமைப்பில் நடுவே டோர்சன் இருக்கிறது.

போகிற போக்கில் ஒரு மூடநம்பிக்கையையும் உடைத்துவிடுகிறேன். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் வழுக்கும் சாலையில் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நம்பி வேகமாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கார்களுக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக். புறப்படத்தான் ஃபோர் வீல் டிரைவ் உதவும். நிற்க உதவுவது டயர்.

டயரைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆதங்கம். மேலே நான் எழுதிய 0.1, 0.8 எல்லாம் பள்ளிக்கூட எளிமை. உண்மையான மண் அமுங்கும், பிதுங்கும், வெட்டுப்படும். அதைக் கணக்காக்கியவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த பெக்கர் (டிஃபரன்ஷியல் பெக்கேர் வேறு, இவர் வேறு). நிலத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே நடப்பதை அவர் 1950-களில் தனித் துறையாகவே வளர்த்தார். நிலவில் ஓடிய ரோவரின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1971-இல் அப்போலோ 15-இல் போன அந்த வண்டிக்குக் காற்றடைத்த டயர் இல்லை, பின்னிய எஃகுக் கம்பிவலைதான். நிலவுக்கென்றால் பணம் கிடைக்கிறது. சேற்றுப்பாதையில் ஆம்புலன்சும் டிராக்டரும் சிக்காமல் போக இதே ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் நிதிக்குழுவில் யாருக்கும் கண் பளிச்சிடுவதில்லை. என்னைக் கேட்டால் அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது? சாலையே பிரதானம், பாறை ஏறும் ஆசை இல்லை என்றால் ஹோண்டா ரிட்ஜ்லைன் மாதிரி, தனிச் சட்டகம் இல்லாமல் கார்போல ஒரே உடலாகக் கட்டிய வண்டி. பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால் காலியாக ஓட்டினாலும் துள்ளாது. லோ ரேஞ்ச் கியர் (முறுக்குவிசையைப் பெருக்கி வண்டியை மெல்ல ஊர்ந்து ஏறவைப்பது) கிடையாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மற்ற பிக்கப்புகள் பலவற்றில் பின்னால் லீஃப் ஸ்பிரிங். முழுப் பாரத்துக்காகக் கடினமாக்கிய பட்டைகள், வெற்று வண்டியில் குதிக்கத்தான் செய்யும். இப்போதைய டொயோட்டா டகோமாவின் பெரும்பாலான ரகங்களில் பின்னாலும் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது.

நம் வாசகரைப் போல இரண்டும் வேண்டும் என்பவருக்கு பின் லாக் உள்ள நடு ரகமே போதும்: டகோமாவில் டிஆர்டி ஆஃப்ரோடு, நிசான் ஃபிரான்டியரில் புரோ 4எக்ஸ். ஷெவர்லே கொலராடோ இசட்ஆர்2, ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர், ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான் மூன்றிலும் முன் லாக்கும் உண்டு. பாறை ஏறுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு அது. கிளாடியேட்டரின் சக்கர அடித்தளம் 3.49 மீட்டர் என்பதையும் மறக்க வேண்டாம். அத்தனை நீளத்தில் மேட்டின் உச்சி வயிற்றில் இடிக்கும், அதற்கு எந்த லாக்கும் மருந்தில்லை. முன் லாக்கைத் தவிர்த்தால் மிச்சமாகும் பணத்தில் நல்ல ஆல் டெரெய்ன் டயர் நான்கும், காற்றுப் பம்பும் வாங்கலாம். மணலில் காற்றைக் குறைத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு நீளும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும்.

மின்சார பிக்கப் வந்தால் இந்தத் தலைவலியே இருக்காதே என்பார்கள். ரிவியன் ஆர்1டியின் நான்கு மோட்டார் ரகத்தில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், நிலவு ரோவரில் இருந்ததுபோலவே. டிஃபரன்ஷியல் இல்லை, ஆகவே லாக்கும் இல்லை. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் கணினியே முடிவு செய்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம். மூன்று சக்கரங்கள் அந்தரத்தில் இருந்து ஒன்று மட்டும் பாறையைப் பிடித்திருந்தால், முன்பின் லாக் போட்ட பெட்ரோல் வண்டியில் எஞ்சினின் மொத்த முறுக்குவிசையும் அந்த ஒற்றைச் சக்கரத்துக்குப் போய்விடும். நான்கு மோட்டார் வண்டியில் அந்தச் சக்கரத்துக்குக் கிடைப்பது அதன் சொந்த மோட்டார் தருவது மட்டும். மற்ற மூன்றும் எவ்வளவு வலுவானவையாக இருந்தாலும் கைகொடுக்க வழியில்லை, அவற்றை இணைக்க நடுவில் இரும்பு எதுவும் இல்லையே.