மாட்யூலர் பள்ளிக் கட்டடம்: பாதியில் ஆள் மாறினால் என்ன ஆகும்?

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். லண்டன் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கவர்னராக, அதாவது பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினராக, இருக்கிறார். அவருடைய மகளும் அங்கேதான் படிக்கிறாள். “அண்ணே, எங்கள் பள்ளிக்கு ஆறு வகுப்பறை மாட்யூலராகப் போடப் போகிறோம். மூன்று கம்பெனி விலை கொடுத்திருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?” என்றார். மாட்யூலர் என்றால் ஃபேக்டரியில் பெட்டி பெட்டியாகச் செய்து, பள்ளியில் கொண்டுவந்து சேர்க்கும் கட்டடம். விலை, உத்தரவாதம், கூரை எத்தனை வருடம் தாங்கும், வெப்பம் எவ்வளவு வெளியேறும் என்று அவரிடமே ஒரு பட்டியல் இருந்தது. எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் முதலில் கேளுங்கள் என்று நான் சொன்ன கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. நேர்காணலுக்கு வந்து உங்கள் முன் உட்காரும் இதே ஆட்கள், சாவி கொடுக்கும் நாளிலும் இருப்பார்களா?

“அது என்ன அவ்வளவு முக்கியமா?” என்றார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தில் நம்மவர்கள் பலர் பள்ளி நிர்வாகங்களில் உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள், யாருக்காவது பயன்படும்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஃபேக்டரியில் எஃகுச் சட்டம் போட்டு, தரை, சுவர், சீலிங், ஒயரிங், சில நேரம் வாஷ்பேசின் வரைக்கும் வைத்து, பெட்டி பெட்டியாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு மாட்யூல். அதே வாரங்களில் பள்ளியில் அஸ்திவாரம் நடக்கும். முப்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்குச் சுமார் 55 சதுர மீட்டர் வேண்டும், ஒரே பெட்டியாக அதைச் சாலையில் கொண்டுவர முடியாது. இங்கே லாரிச் சுமை 2.9 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் இரண்டு வேலை நாளுக்கு முன்பே போலீஸுக்குச் சொல்ல வேண்டும். 3.5 மீட்டரைத் தாண்டினால் டிரைவரோடு துணைக்கு ஒரு ஆளும் வர வேண்டும். அதனால் வகுப்பறை இரண்டு மூன்று துண்டாகத்தான் வரும். துண்டுகள் சேரும் கோடு, பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே ஓடும்.

செங்கல் கட்டடத்தில் தப்பு நடந்தால் கொத்தனார் கண்ணில் அன்றே படும், அங்கேயே நாலு கல்லைப் பெயர்த்துச் சரி செய்வார். மாட்யூலரில் அந்த வசதி கிடையாது. ஃபேக்டரி ஒரு ஊரில், பள்ளி நூறு மைல் தள்ளி. மேலே வரும் பெட்டியும் கீழே இருக்கும் அஸ்திவாரமும் முதல்முறை சந்திப்பதே பெட்டி கிரேனில் தொங்கும்போதுதான். அதுவரை இரண்டுக்கும் நடுவில் இருப்பது டிராயிங்கும் சில மனிதர்களும் மட்டுமே. டிராயிங் பேசாது, அதனால் அந்த மனிதர்கள் யார் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒன்று நடந்தது. இரண்டு மாடி, பதினெட்டு மாட்யூல். மே மாத அரை டேர்ம் விடுமுறைக்கு, அதாவது பருவத்தின் நடுவில் வரும் ஒரு வார விடுமுறைக்கு, கிரேன் சொல்லி வைத்திருந்தோம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் டிசைன் மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது. இருந்த கோப்பு அத்தனையும் படித்தார். கோப்பில் ஏறாததை எப்படிப் படிப்பார்?

கோப்பில் ஏறாதது இதுதான். ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை சக்கர நாற்காலியில் வரும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். அவனுக்கு டாய்லெட் சீட் எதிர்ச் சுவரில் இருந்தால்தான் நாற்காலியிலிருந்து மாறி உட்கார முடியும். பழைய மேனேஜர் நல்ல மனிதர். அங்கிருந்தே ஃபேக்டரிக்குப் போன் போட்டு மாற்றச் சொல்லிவிட்டார். ஃபேக்டரி டிராயிங் திருந்தியது. அஸ்திவாரக் குழுவுக்கும் சொல்ல வேண்டும் என்பது அவர் தலைக்குள் இருந்தது, அந்தத் தலையோடு அவர் கிளம்பிப் போய்விட்டார்.

கிரேன் நாள் வந்தது. ஏழாவது மாட்யூல் மேலே தொங்குகிறது. தரையிலிருந்து எட்டிப் பார்க்கும் கழிவுக்குழாய் ஒரு பக்கம், மாட்யூலின் அடியில் விட்டிருக்கும் துளை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இன்னொரு பக்கம். கிரேன்காரர் கேபினிலிருந்து இரண்டு கையையும் விரித்தார். கீழே ஆறேழு பேர் டிராயிங்கை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மாட்யூலை விளையாட்டு மைதானத்தில் இறக்கி வைத்து, கான்கிரீட்டை உடைத்துக் குழாயை நகர்த்தினோம். அதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. பிள்ளைகள் இருக்கும்போது தலைக்கு மேல் கிரேன் வேலை செய்ய முடியாது, அதனால் மீதி மாட்யூல்களை வார இறுதிகளில் ஏற்றினோம். சும்மா நின்ற கிரேனுக்கும் வாடகை உண்டு. யார் தப்பு என்று விசாரித்தபோது ஒருவர் பெயரும் தேறவில்லை, ஏனென்றால் அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

பிறகு வேறொரு இடத்தில், ஒரே ஐந்து பேர் சேர்ந்து வரிசையாக நான்கு பள்ளிகள் முடித்தோம். டிசைன் மேனேஜர், சைட் மேனேஜர், ஃபேக்டரி ஃபோர்மன், மின்சாரம் மற்றும் காற்றோட்டத்துக்கான எஞ்சினியர், அப்புறம் நான். பெரிய திட்டமிட்டு நடந்ததில்லை, வாடிக்கையாளர் ஒருவரே, பள்ளிகள் அடுத்தடுத்து வந்தன, அவ்வளவுதான். முதல் பள்ளியில் நாங்களும் மற்றவர்களைப் போலத் தடுமாறினோம். வித்தியாசம் இரண்டாவதிலிருந்து தெரிந்தது.

ஒரு சின்ன உதாரணம். இரண்டு மாட்யூல் சேரும் இடத்தில், சீலிங்குக்கு மேலே, ஒன்றின் ஒயர் மற்றொன்றுக்குத் தாண்ட வேண்டும். டிராயிங்கில் ஒரு மீட்டர் மிச்சம் விடச் சொல்லியிருந்தது. சைட்டில் அது போதவில்லை, குறுக்கே வரும் விட்டத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் ஒவ்வொரு இடத்திலும் தேவையில்லாமல் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் போட்டார்கள். ஃபேக்டரியில் ஒயரிங் செய்பவர் ஒரு நாள் சைட்டுக்கு வந்தார். ஏணியில் ஏறி, சீலிங்குக்குள் தலையை விட்டு ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பள்ளிக்கு வந்த மாட்யூல்களில் ஒவ்வொரு ஒயரும் இன்னொரு அரை மீட்டர் நீளமாக, சுருட்டி, மஞ்சள் டேப் ஒட்டி வந்தது. டிராயிங்கில் அது ஏறியது ரொம்ப நாள் கழித்துத்தான்.

காற்றும் சத்தமும் இன்னும் சிக்கல். இங்கே புதிய தொடக்கப் பள்ளி வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும். ஃபேன் வைத்துக் காற்று கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு பள்ளி நேரச் சராசரியில் 1000 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஆயிரம் பங்கு) இருக்க வேண்டும். ஃபேனை வேகமாக ஓட்டினால் சத்தம், மெதுவாக ஓட்டினால் பிள்ளைகள் மதியத்தில் தூங்கி வழிவார்கள். எங்கள் எஞ்சினியர் முதல் பள்ளியை ஒப்படைத்த பிறகும் ஜனவரியில் மீட்டரோடு போய் ஒரு நாள் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை சத்தம் பொறுக்காமல் ஃபேனை அணைத்துவிடுகிறார் என்று அங்கேதான் கண்டுபிடித்தார். அடுத்த பள்ளியில் ஃபேனை சீலிங்கிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தார். ஒப்படைத்த அன்றே ஆள் மாறியிருந்தால் இரண்டாவது பள்ளியிலும் அதே ஃபேன், அதே ஆசிரியை, அதே கதைதான்.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷையர் கவுண்டியில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். போர் முடிந்திருந்தது. பிள்ளைகள் பெருகினார்கள், செங்கலுக்கும் கொத்தனாருக்கும் தட்டுப்பாடு. கவுண்டி கட்டடக் கலைஞர் ஆஸ்லின், அவருக்கு அடுத்த பொறுப்பில் ஸ்டிராட் ஜான்சன்-மார்ஷல், அவர்களோடு டேவிட் மெட், மேரி குரோலி போன்ற கட்டடக் கலைஞர்கள். ஒவ்வொரு பள்ளியாக டெண்டர் விடாமல், ஒரு வருடத்துக்கான பள்ளிகளை ஒரே திட்டமாக எடுத்துக்கொண்டார்கள். எஃகுச் சட்டத்துக்கு வெஸ்ட் பிராம்விச்சில் இருந்த ஹில்ஸ் நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசி, 8 அடி 3 அங்குலச் சதுரக் கட்டங்களின் அளவுக்கு எல்லாவற்றையும் அமைத்தார்கள். செஷன்ட் ஊரின் பர்லி பள்ளியில் ஆரம்பித்து, பத்து வருடத்துக்குள் சுமார் நூறு பள்ளி. எனக்கு எண்ணிக்கையைவிடப் பிடித்தது வேறு. அவர்கள் முடிந்த பள்ளிக்குத் திரும்பப் போனார்கள். பிள்ளைகள் எங்கே தரையில் உட்காருகிறார்கள், வாஷ்பேசின் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து அடுத்ததை வரைந்தார்கள். தயாரிப்பாளரும் அதே ஆள் என்பதால் திருத்தம் நேராகப் போய்ச் சேர்ந்தது.

சரி, எப்போதும் ஒரே குழு இருந்தால் எல்லாம் நன்றாக முடிந்துவிடுமா? முடியாது, இதையும் சொல்லியாக வேண்டும். பழகிய கண்ணுக்குப் பழகிய தப்பு தெரியாது. ஹார்ட்ஃபோர்ட்ஷையர் வழியில் 1957-இல் பல உள்ளாட்சிகள் சேர்ந்து ‘கிளாஸ்ப்’ என்ற கூட்டமைப்பை அமைத்து, ஒரே முறையில் நிறையப் பள்ளிகள் கட்டின. நாட்டிங்காம்ஷையரில் அதே முறையில் கட்டிய ஃபேர்ஃபீல்ட் முதியோர் இல்லத்தில் 1974 டிசம்பரில் தீப்பிடித்துப் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். சீலிங்குக்கு மேலே தடுப்பில்லாத வெற்றிடம் வழியாகத் தீ பரவியது. மாட்யூலரில் அந்த வெற்றிடம் இன்னும் அதிகம், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் உண்டு. அங்கே தீத்தடுப்பு வைத்திருக்கிறார்களா என்பதை, மூடுவதற்கு முன்னால் குழுவில் இல்லாத ஒருவர் பார்க்க வேண்டும். செய்பவர் மாறக் கூடாது, சோதிப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். எடின்பரோவில் 2016 ஜனவரியில் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியின் சுவர் புயலில் விழுந்து, பிறகு பதினேழு பள்ளிகளை மூடினார்கள். அவை மாட்யூலர் இல்லை, செங்கல்தான். ஆனால் சுவருக்குள் போன கம்பி இணைப்புகளை மூடும் முன் நின்று பார்க்கத் தனியாக ஒருவர் இல்லை என்பது விசாரணை அறிக்கை சொன்ன முக்கியமான குறை. முன்பெல்லாம் ‘கிளார்க் ஆஃப் வொர்க்ஸ்’ என்று ஒருவர் இதற்கென்றே நாள் முழுக்க சைட்டில் நிற்பார். செலவு என்று பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள். நண்பரிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொன்னது, எந்தக் கம்பெனி வந்தாலும் அந்த ஆளைப் பள்ளிக் காசில் வையுங்கள் என்பதைத்தான்.

2023 ஆகஸ்டில் பள்ளி திறக்கச் சில நாளே இருக்கையில், ஹார்லோ, பிரிட்ஜ்வாட்டர், நார்தாம்டன் ஊர்களில் மூன்று மாட்யூலர் பள்ளிகளின் கட்டடங்களைக் கல்வித் துறை மூடச் சொன்னது. மூன்றும் ஒரே தயாரிப்பாளர் செய்தவை, அந்த நிறுவனம் அதற்கு முந்தைய வருடமே நொடித்துவிட்டது. ஆள் மாறியதால்தான் அந்தக் கட்டடங்கள் கெட்டன என்று நான் சொல்லவில்லை. சுவரை மூடியவர்களைக் கூப்பிட்டு ‘உள்ளே என்ன இருக்கிறது’ என்று கேட்க வழியில்லாமல் போனால், எஞ்சியிருப்பது சுவரை உடைத்துப் பார்ப்பதுதான். இதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது நடைமுறை. கம்பெனிகள் வேண்டுமென்று ஆளை மாற்றுவதில்லை. எங்கோ ஒரு சைட் தகராறில் மாட்டிக்கொள்ளும், உடனே நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் சைட்டிலிருந்து நல்ல மேனேஜரை உருவிக்கொண்டு போவார்கள். அதாவது உங்கள் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதே உங்கள் ஆளை இழக்கக் காரணமாகிவிடும். அதனால் ஒப்பந்தத்தில் நாலைந்து பேரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பள்ளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர்களை மாற்றக் கூடாது என்று ஒரு வரி. ராஜினாமாவையும் பிரசவத்தையும் ஒப்பந்தம் தடுக்காது. அப்படி ஒருவர் போனால், வருபவரும் போகிறவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து சைட்டில் நிற்க வேண்டும் என்று இன்னொரு வரி. டீ குடிக்கும்போது எடுத்த முடிவுக்கும் தேதி போட்டு எழுத ஒரு நோட்டு.

பள்ளியின் பக்கமும் ஒன்று உண்டு. கவர்னர் குழு நடுவில் மாறுகிறது, பிசினஸ் மேனேஜர் மாறுகிறார், புதியவர் வந்து முடிந்துபோன முடிவைத் திரும்பக் கிளறுகிறார். ஃபேக்டரியில் மாட்யூல் லைனில் ஏறிய பிறகு ஜன்னலை ஒரு அடி நகர்த்துவது சாதாரண மாற்றம் கிடையாது, சட்டத்தையே வெட்ட வேண்டும். கட்டி முடியும் வரை பள்ளி சார்பில் பேச ஒரே ஒருவர் இருந்தால் போதும்.

நேற்று நண்பர் திரும்பக் கூப்பிட்டார். கேள்வியைக் கேட்டிருக்கிறார். இரண்டு கம்பெனி, “எங்கள் நிர்வாக முறை பக்கா, யார் வந்தாலும் வேலை நடக்கும்” என்றதாம். மூன்றாவது கம்பெனி, வரப்போகும் சைட் மேனேஜரையே கூட்டி வந்திருக்கிறது. அவர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து, பள்ளி வாசலில் அளவு நாடாவோடு நின்று, லாரி திரும்பும்போது அந்த மரக்கிளை இடிக்குமே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரித்தாராம். விலை மற்ற இரண்டையும்விட நாலு சதவீதம் கூட. வியாழக்கிழமை கவர்னர் கூட்டத்தில் ஓட்டெடுப்பு.