நாயின் கழுத்து டிஸ்க் பிதுங்கினால்

தலையைத் தாழ்த்தியபடி நிற்கும். கிண்ணத்துக்குக் குனியாது. தூக்கப்போனால் வீறிடும். வயிற்றுவலியோ என்று எண்ணத் தோன்றும். கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

நாய்க்கும் கழுத்தில் 7 முள்ளெலும்புகள்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுதான் டிஸ்க். முதல் இரண்டுக்கும் நடுவே அது கிடையாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ளதுதான் முதல் டிஸ்க். டாஷண்ட், பீகிள் போன்ற இனங்களில் அதிகம் பழுதாவதும் அதுவே. இவற்றில் டிஸ்க்கின் நடுக்கூழ் சிறு வயதிலேயே நீர் வற்றி, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். சுற்றியுள்ள நார்வளையம் தண்டுவடத்தை ஒட்டிய பக்கத்தில் மெல்லியது, கிழிவது அங்கேதான். பெரிய இனங்களில் பெரும்பாலும் கிழியாமல், மெல்ல மெல்லப் புடைத்து அழுத்தும்.

கழுத்தில் தண்டுவடத்தைச் சுற்றி இடம் சற்றுத் தாராளம். அதனால் முதுகு டிஸ்க் போலக் கால்கள் சட்டென்று விழுவது குறைவு, வலிதான் முந்திக்கொள்ளும். நரம்புவேர் நசுங்கினால் ஒரு முன்னங்காலைத் தூக்கியே வைத்திருக்கும். சுளுக்கு என்று காலையே ஆராய்ந்துகொண்டிருந்தால் நாள்தான் போகும்.

பாதத்தைப் புறங்கால் தரையில் படும்படி மடக்கி வைத்துப் பார்ப்பார்கள். உடனே நிமிர்த்திக்கொள்ளாவிட்டால் தண்டுவடமும் பாதித்திருக்கலாம். கழுத்தை வலிந்து வளைத்துப் பார்ப்பது ஆபத்து. எக்ஸ்ரேயில் குறுகிய இடைவெளியும் சுண்ணாம்பும் தெரியும், நசுங்கிய தண்டுவடம் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். மூளையுறை அழற்சியும் எலும்பில் கிருமித்தொற்றும் இதே வலியைத் தருமென்பதால் காய்ச்சலைப் பார்க்காமல் விடக்கூடாது.

நடக்கிற நாய்க்கு முதல் மருந்து கூண்டு. குறைந்தது 4 வாரம் அடைத்தே வைத்து, மலஜலத்துக்கு மட்டும் வெளியே விட வேண்டும், அதுவும் கழுத்துக் காலரில் அல்ல, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில். அழற்சி தணிக்கும் வலிமாத்திரை, நரம்புவலிக்கான கபாபென்டின், தசை இறுக்கம் தளர்த்தும் மருந்து ஆகியவை துணைக்கு. மாத்திரையை மட்டும் கொடுத்து ஓடவிட்டால், வலி மறந்த நாய் துள்ளும். கிழிசல் வழியே மிச்சக் கூழும் வெளியேறலாம். அந்த வலிமாத்திரையோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் குடல் புண்ணாகி ஓட்டையே விழலாம். மனிதருக்கான இபுபுரூஃபென் கூடவே கூடாது.

வலி அடங்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ அறுவை சிகிச்சை. தொண்டைப் பக்கமாகத் திறந்து, மூச்சுக்குழாயை ஒதுக்கி, இரு முள்ளெலும்புகளின் அடிப்புறத்தில் சிறு பள்ளம் குடைந்து கூழை எடுப்பார்கள். பள்ளத்தின் அகலம் எலும்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்க வேண்டும். மிஞ்சினால் இருபுறமும் ஓடும் சிரைகள் கிழிந்து ரத்தம் பெருகும், எலும்பும் நிலைகுலையும்.

மூச்சு வாங்க உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு புறப்படுவதும் கழுத்திலிருந்துதான். நான்கு கால்களும் ஓய்ந்து, மூச்சும் மேலோட்டமாக வாங்கும் நாய்க்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.