மாட்டினால்தானே அபராதம்?

பெரிய விபத்து ஒன்று நடந்துவிட்டால் போதும், "அபராதத்தை ஏற்றுங்கள், தானாகத் திருந்துவார்கள்" என்று பேச்சு கிளம்பிவிடும். விதி மீறி மாட்டிக்கொண்ட ஓட்டுநர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பது என் தொழில். எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால், "வேகமாகப் போனேன்" என்று நேராகச் சொல்பவர் அபூர்வம். "எல்லோரும்தான் போனார்கள், என்னைப் பிடித்துவிட்டார்கள்", "அன்றைக்கு என் நேரம் சரியில்லை". பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்.

சிரித்துவிட்டுக் கடந்துபோகிற பதில் இல்லை இது. சிவப்பு விளக்கைப் பல முறை தாண்டி எப்போதோ ஒருமுறை பிடிபடுகிறவர் அபராதத்தைக் கெட்ட நேரத்தின் கணக்கில் எழுதிவிடுவார். தொகையை ஐந்து மடங்கு ஆக்கினால் அந்தக் கெட்ட நேரம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். தண்டனை கடுமையாக இருப்பதைவிட, தப்பாமல் வரும் என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதியிருக்கிறார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில் ஒரு நடைமுறை வந்தது. சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த ஓட்டுநரையும் போலீஸ் நிறுத்தி, குடித்திருக்கிறாரா என்று பார்க்க ஊதச் சொல்லலாம். குடித்துவிட்டு ஓட்டியதால் நேர்ந்த சாவுகள் அதன்பின் நன்றாகக் குறைந்தன. எந்தத் திருப்பத்தில் நிறுத்துவார்களோ என்ற நினைப்பே பலரைச் சாவியைத் தொடவிடாமல் செய்தது.

கேமராவும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பாதிதான். ஒரே இடத்தில் நிற்கும் கேமராவை ஓட்டுநர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்: முன்னால் பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர். அதனால்தான் இரண்டு இடங்களுக்கு நடுவே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் வந்தன. அங்கே இந்த வித்தை பலிக்காது. அப்புறம், நோட்டீஸ் சீக்கிரம் வரவேண்டும். மாதக்கணக்கில் தள்ளி வந்தால், எந்த நாள், எந்தச் சாலை என்றே ஓட்டுநருக்கு நினைவு இருக்காது. பணம் போகும், பாடம் போய்ச் சேராது.

தொகை அளவுக்கு மீறி ஏறினால் வேறொரு சிக்கல். அபராதம் எழுதும் போலீஸ்காரரே தயங்குவார், கட்ட முடியாதவர் கட்டாமலே விட்டுவிடுவார், சில இடங்களில் சாலையோரத்திலேயே பேரம் தொடங்கும். பணக்காரருக்கோ அதே தொகை உறைக்காது. பின்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே பெரிய வேக மீறலுக்கு வருமானத்தைப் பொறுத்து அபராதம். 2002-ல் நோக்கியா உயரதிகாரி ஒருவருக்கு 1,16,000 யூரோ விதிக்கப்பட்டு உலகச் செய்தியானது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

என்னைக் கேட்டால், பணத்தைவிட, ஒவ்வொரு மீறலுக்கும் உரிமத்தில் ஏறும் தண்டனைப் புள்ளிகளுக்குத்தான் பயம் அதிகம். பிரிட்டனில் 3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளி சேர்ந்தால் பொதுவாக உரிமம் தற்காலிகமாகப் பறிபோகும். 2017-ல் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதற்கு 200 பவுண்டும் 6 புள்ளியும் ஆக்கினார்கள். உரிமம் வாங்கி 2 ஆண்டு ஆகாதவருக்கு 6 புள்ளியிலேயே அது ரத்து. வகுப்பில் அபராதத் தொகையைச் சொன்னால் அலட்சியமாகக் கேட்கும் இளைஞர்கள், புள்ளிக் கணக்கைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

வேலைக்காக ஓட்டுபவர்கள் கதை தனி. அவர்களில் பலருக்கு அபராதத்தை நிறுவனமே கட்டிவிடுகிறது. டீசல், டயர் செலவுக்குக் கீழே அதுவும் ஒரு வரி. மூன்று மணி நேரப் பாதைக்கு இரண்டரை மணி நேரம் கொடுத்து அனுப்பினால் அவர் வேறு எப்படி ஓட்டுவார்? ஓட்டுநரை என்னிடம் அனுப்பும் நிறுவனங்களிடம், அட்டவணை போட்டவரையும் கூடவே அனுப்பச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் வந்ததில்லை.