மூச்சு இழுக்கும்போதுதான் சாமியாரை அழைப்பீர்களா?

சென்ற வாரமும் அதுவேதான் நடந்தது. புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்ட ஒரு பாட்டி, சாமியாரிடம் (கத்தோலிக்கக் குருவிடம்) பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது தம் பாவங்களை அறிக்கையிட்டு, நற்கருணை அப்பம் வாங்க வேண்டும் என்று, நினைவு தெளிவாக இருந்த நாட்களில் செவிலியான என்னிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதை மகனிடம் சொன்னேன். "சாமியாரைப் பார்த்தா அம்மா பயந்துருவாங்க, சிஸ்டர்" என்பதே பதில். மூச்சு விட்டுவிட்டு வரத் தொடங்கிய இரவில்தான் பங்குச் சாமியாருக்கு ஃபோன் போனது. அவர் விரைந்து வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி மன்றாடினார். நினைவிழந்தவருக்கும் அதைச் செய்யலாம். ஆனால் நினைவிழந்தவரால் பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை வாங்கவும் முடியாது. பாட்டி கேட்டதோ அவற்றைத்தான்.

தீராத நோயின் வலியைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியாக வீடு வீடாகச் செல்லும் நான், கத்தோலிக்கக் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் தவறு இது. சாமியார் எண்ணெய் பூசி மன்றாடும் நோயில் பூசுதல் என்பது சாவுக்கு இடும் முத்திரை அன்று. சாகும் வேளையில் பூசுவது என்று ஒலிக்கும் 'அவஸ்தைபூசுதல்' என்ற பழைய பெயர் நம் நாவை விட்டுப் போகாததால் அந்த அச்சமும் போகவில்லை. இத்திருவருட்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லிவிட்டது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கு முறையையே திருத்தினார். கடும் நோய்க்கான அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமையால் மிகவும் தளர்ந்தவருக்கும் பூசலாம். குணமாகி மீண்டும் படுத்தாலும், அதே நோய் முற்றினாலும் திரும்பப் பூசலாம். விவிலியத்தில் யாக்கோபு தம் திருமுகத்தில் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கச் சொல்வதும் நோயாளியிடம்தான். அழைக்கும் அளவுக்கு நினைவுள்ள ஒருவரை மனத்தில் வைத்தே அவர் எழுதினார் என்பதை எத்தனை முறை சொல்வது?

சில சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களிலும் ஜெபக் குழுக்களிலும் இதே அச்சம் வேறு வடிவில் வருகிறது. பிரிவைப் பற்றிப் பேசினால் விசுவாசக் குறைவு என்று எண்ணி, சுகம் வேண்டி மட்டுமே ஜெபிக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர் தம் மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விடுகிறார். இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். சிலுவையில் தொங்கியபோதும் தம் தாயைச் சீடனின் கையில் ஒப்படைத்துவிட்டே உயிர்விட்டார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் அழக் கூடாது, விடைபெறக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

சாமியார் வரும்போது விழித்திருக்க வேண்டும் என்று வலியைத் தணிக்கும் மார்ஃபினை நிறுத்திவிடாதீர்கள். வலியில் துடிப்பவரால் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் கூடச் சொல்லி முடிக்க முடிவதில்லை. வலியைக் கட்டாயம் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957-இலேயே மருத்துவர்களிடம் இதைத் தெளிவுபடுத்தினார். தூக்கக் கலக்கம் மிகுதியாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அளவை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்களாக மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்.

தயவுசெய்து, அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே சாமியாரையோ போதகரையோ அழையுங்கள். அழைக்கலாமா என்று உறவினர்களிடம் அல்ல, நோயாளியிடமே கேளுங்கள். அச்சம் பெரும்பாலும் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குத்தான் இருக்கிறது. நற்கருணை அப்பம் விழுங்க முடியவில்லை என்றால் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சிறு துணுக்காகக் கொடுக்கலாம், அதுவும் இயலாதபோது திராட்சை இரசமாக மட்டும் கொடுக்கவும் இடமுண்டு. நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் கட்டாயமில்லை. அவரால் எதை விழுங்க முடியும் என்று தெரியாவிட்டால் எங்களுக்கு ஃபோன் செய்யுங்கள், நள்ளிரவானாலும் எடுப்போம்.