பைசன் கொத்துக்கறி: உள்ளே சிவப்பாக இருக்கும்போதே இறக்காதீர்கள்

போன மாதம் நான்கு வயதுப் பையன் ஒருவன் எங்கள் வார்டில் பதினாறு நாள் இருந்தான். சிறுநீர் வருவது நின்றுபோய், வயிற்றில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். மருந்து கலக்கும் தண்ணீர் உட்பட ஒரு நாளைக்கு 300 மில்லிக்கு மேல் எதுவும் உள்ளே போகக்கூடாது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அவன் அம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, வேளைக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்திருந்தார். மத்தியானத்துக்குள் சாயங்காலக் கோடு வரை தீர்ந்துவிட்டது. "அக்கா, இன்னும் ஒரே ஒரு வாய் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நான் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் உணவியல் ஆலோசகர். இந்தக் கோடையில் இப்படி வந்த இரண்டாவது குழந்தை இவன். அம்மாவிடம் அனுமதி கேட்டு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நோய் வருவதற்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, நீச்சல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி ஏழு. எல்லாருக்கும் பசி. ஃபிரிட்ஜில் ஒரு பவுண்டு பைசன் (மாட்டுக்கு உறவான பெரிய அமெரிக்க விலங்கு) கொத்துக்கறி இருந்தது. பர்கர் தட்டி, வாணலியில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். உள்ளே சிவப்பாக இருந்ததை அப்பா கவனித்திருக்கிறார். "பைசன் அப்படித்தான் இருக்கணும், அதிகம் வேகவிட்டா ரப்பர் மாதிரி ஆயிடும்னு வீடியோவுல சொன்னாங்க" என்றாராம். மலப் பரிசோதனையில் ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமி வந்தது. அது எந்த உணவிலிருந்து வந்தது என்று விசாரிப்பது சுகாதாரத் துறையின் வேலை, நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை: "நல்ல கறிதானேக்கா வாங்கினோம்? பைசன்."

நல்ல கறிதான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கொலஸ்ட்ரால் இருக்கும் அப்பாக்களுக்கு நானே பரிந்துரைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் பைசன் கொத்துக்கறியில் பெரும்பாலும் பத்து சதவீதம் அளவுக்குத்தான் கொழுப்பு. இரும்புச்சத்தும் புரதமும் நிறைய. இந்த நாட்டில் பைசனுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க அனுமதி கிடையாது. ஒரு காலத்தில் சமவெளி முழுக்கக் கோடிக்கணக்கில் மேய்ந்த விலங்கு, 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாகிவிட்டது. அங்கிருந்து மீட்டு, 2016இல் தேசியப் பாலூட்டியாக அறிவித்தார்கள். கொலராடோக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு பெருமையே உண்டு, எனக்கும்தான். இத்தனை நல்லதையும் கேட்ட மனது, கிருமியும் இதில் இருக்காது என்று தானாகவே சேர்த்துக்கொள்கிறது. அங்கேதான் தவறு.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "புல் தின்னு வளர்ந்தது", "காட்டு விலங்கு", "மாடு இல்லை", "ஆர்கானிக்". ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாடு இல்லை என்பது முக்கால்வாசி பேச்சுக்குத்தான் சரி. நம்மவர்கள் பைசனை எருமை என்கிறார்கள், அமெரிக்கர்களும் பஃபலோ என்கிறார்கள். ஆனால் அது எருமையைவிட மாட்டுக்குத்தான் நெருங்கிய உறவு. மாட்டோடு சேர்ந்து கன்று ஈனும் அளவுக்கு நெருக்கம். மாட்டிறைச்சி சாப்பிடக்கூடாது என்று இருப்பவர்கள் பைசனை என்ன செய்வது என்பது அவரவர் வீட்டு முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன். ஈ.கோலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அசைபோடும் விலங்குகளின் குடல் அதற்கு வீடு. மாடு, ஆடு, மான், பைசன் எல்லாமே அசைபோடுபவை. விலங்குக்கு அதனால் ஒரு நோயும் வராது. பார்க்க ஆரோக்கியமாக, பளபளப்பாக, மலைக்காற்றில் நிற்கும். அதன் குடலில் இருக்கும் கிருமி நம் வீட்டு நான்கு வயதுக் குழந்தையை டயாலிசிஸில் படுக்க வைக்கும்.

காட்டு விலங்கும் இல்லை. கடையில் வருவது பண்ணையில் வளர்ந்தது. அதிலும் பலவற்றுக்குக் கடைசி சில மாதம் தானியம் போடுகிறார்கள். சரி, முழுக்கப் புல் மட்டுமே தின்றது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'கிருமி கிடையாது' என்று எந்த லேபிளும் உங்களுக்கு உறுதி தரவில்லை. ஆர்கானிக் என்பது எப்படி வளர்த்தார்கள் என்பதைச் சொல்லும் சான்று. கிருமிப் பரிசோதனைச் சான்று வேறு.

இன்னொரு விஷயம், எங்கள் தொழிலுக்கு வெளியே அதிகம் தெரியாது. மாட்டிறைச்சியை விவசாயத் துறை ஆய்வு செய்வது சட்டப்படி கட்டாயம். பைசனுக்கு அந்த ஆய்வு விருப்பத்தின் பேரில்தான், நிறுவனம் பணம் கட்டிச் செய்துகொள்ள வேண்டும். நல்ல நிறுவனங்கள் செய்கின்றன, அதற்கான முத்திரை பாக்கெட்டில் இருக்கும். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், ஆனால் அதை நம்பி அரைவேக்காட்டில் இறக்கிவிடாதீர்கள்.

பைசனால் இதற்கு முன்பு யாருக்கும் ஒன்றும் வந்ததில்லையா என்று கேட்கிறவர்களுக்கு: 2010இல் இதே கொலராடோவில் ஓ157 பரவியபோது ஏறக்குறைய 66,000 பவுண்டு பைசன் இறைச்சியைத் திரும்பப் பெற்றார்கள். 2019இல் கனடாவிலிருந்து வந்த பைசன் கொத்துக்கறியால் ஈ.கோலையின் ஓ103, ஓ121 என்ற வகைகள் பல மாநிலங்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றின.

கொத்துக்கறி என்பதுதான் இதில் பெரிய விஷயம். முழுத் துண்டுக் கறியில் கிருமி இருந்தால் மேல்பரப்பில் இருக்கும், வாணலியில் பட்டதும் சாகும். அதனால்தான் ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகச் சாப்பிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். அரைத்த கறியில் மேல் எது, உள் எது? வெளியே இருந்தது எல்லாம் நடுவே போய்விட்டது. 1993இல் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் 700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். இந்த நாட்டுக்குப் பாடமாக அமைந்த நிகழ்ச்சி அது. முப்பது வருடம் கழித்து, விலை கூடிய கறி என்பதற்காக அந்தப் பாடத்தை ஏன் மறக்க வேண்டும்?

நடுப்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் தொட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்துக்கறி வேகும் முன்பே பழுப்பாகிவிடுவதும் உண்டு, நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக நிற்பதும் உண்டு. பைசன் இயல்பிலேயே கருஞ்சிவப்பு என்பதால் குழப்பம் இன்னும் அதிகம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு வேளைப் பைசன் கறிக்கு ஆகும் செலவுதான் அதற்கும் ஆகும். பர்கரில் மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடு வரை செருகிப் பாருங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவை வெந்திருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். எல்லாவற்றையும் பாருங்கள்.

"160 வரை விட்டால் வறண்டுபோகும்" என்பது பொய் இல்லை. கொழுப்பு குறைவு என்பதால் மாட்டுக் கொத்துக்கறியைவிட இது சீக்கிரம் வெந்து, சீக்கிரம் காயும். அதற்கு மருந்து ஈரம், அரைவேக்காடு இல்லை. அதனால்தான் வார நாளில் பைசன் என்றால் பர்கரை விட்டுவிட்டுக் குழம்பாகவோ கைமாவாகவோ செய்யுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமைக் கைமா இப்படித்தான். ஒரு பவுண்டு கறி, நான்கு பேருக்கு. வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் (பைசன் தானாக எண்ணெய் விடாது, கஞ்சத்தனம் வேண்டாம்), பட்டை, சோம்பு, இரண்டு பெரிய வெங்காயம் பொடியாக. வெங்காயம் கண்ணாடியாக வந்ததும் இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். தக்காளி கரைந்த பிறகுதான் கறி. தீயை மிதமாக வைத்து, மரக்கரண்டியால் கட்டி இல்லாமல் உடைத்துவிடுங்கள். கட்டிக்குள்தான் சிவப்பு ஒளிந்திருக்கும். அரை கப் தண்ணீர் ஊற்றி மூடி பத்து நிமிடம், கடைசியில் ஒரு கைப்பிடி உறைந்த பட்டாணி. எல்லாவற்றையும் ஓரமாகக் குவித்து, குவியலின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகினால் பெரும்பாலும் 180க்கு மேல் காட்டும். கறி பஞ்சு மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் சப்பாத்தியோடு உட்கார்ந்துவிடலாம். இதே கறியில் தக்காளி சாஸும் ஒரு டின் ராஜ்மாவும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சில்லி. மறுநாள் மிச்சத்தை நன்றாக ஆவி பறக்கச் சுட வைத்து டாக்கோவில் வைக்கலாம். குழந்தைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.

பர்கர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒரு பவுண்டுக்கு ஒரு சின்ன வெங்காயத்தைத் துருவிச் சாறோடு போடுங்கள், பாலில் நனைத்த ஒரு ரொட்டித் துண்டைப் பிசைந்து சேருங்கள், ஒரு கரண்டி எண்ணெயும். மிதமான தீயில் வைத்து, திருப்பிப் போட்டதும் மூடிவிடுங்கள். 160இல் இறக்கினால் சாறு இருக்கும். கரண்டியால் அழுத்திச் சாற்றைப் பிழிந்துவிட்டு, பைசன் வறட்டுக்கறி என்று பழி போடாதீர்கள்.

இனி நம் வீட்டுப் பழக்கங்கள். கறியை அலசாமல் எப்படிச் சமைப்பது என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி வடிகட்டியில் கொத்துக்கறியைப் போட்டு மஞ்சள் தேய்த்து அலசியதை நானே பார்த்திருக்கிறேன். தெறித்த தண்ணீர் பக்கத்தில் இருந்த வெள்ளரிக்காய்த் தட்டில் விழுந்தது. அலசுவதால் உள்ளே கலந்த கிருமி போகாது, சிங்க் முழுக்கப் பரவும். மஞ்சளும் இதைக் கொல்லாது. பாட்டியிடம் பதமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருந்ததால் கிருமி செத்திருக்கும் என்பதும் தவறு, தூங்கிக்கொண்டுதான் இருக்கும். உறைந்த கறியைக் காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், முந்தின நாளே ஃபிரிட்ஜுக்குள் இறக்குங்கள். உறையாத பாக்கெட் என்றால் இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

கோலா உருண்டை பிடிக்கும்போது உப்புப் பார்க்கப் பச்சை மாவை நாக்கில் வைக்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு சின்ன உருண்டையைப் பொரித்துச் சுவை பாருங்கள். மிகச் சில கிருமிகள் போதும் இந்த நோய்க்கு. உருட்ட உதவுகிறேன் என்று வரும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் விடாதீர்கள்.

இத்தனை செய்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம், எல்லாம் நம் கையில் இல்லை. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இரத்தம் கலந்து போனாலோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாலோ, காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். இந்த நோயில் காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. போக்கை நிறுத்தும் லோபரமைடு கொடுக்கக்கூடாது. ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுவந்த ஆன்டிபயாடிக்கும் கூடவே கூடாது. சிறுநீரகம் பாதிக்கும் ஆபத்தை அது கூட்டலாம். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் இரட்டை எச்சரிக்கை. போக்கு நின்று, தேறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான், ஒரு வாரம் வாக்கில், முகம் வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் குறையத் தொடங்கும். ஓ157 தொற்றிய எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகும் சிலரில் சின்னக் குழந்தைகளே அதிகம். டயப்பர் எத்தனை தடவை நனைந்தது, பாத்ரூமுக்கு எத்தனை தடவை போனான் என்று எண்ணுங்கள். எட்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை என்றால் நடுராத்திரி ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

போனதும் கடந்த பத்து நாளில் கொத்துக்கறி சாப்பிட்டானா என்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பைசன் என்பதற்காகத் தயங்க வேண்டாம். கறி வந்த பாக்கெட்டையும் ஃப்ரீசரில் மிச்சம் இருக்கும் கறியையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் கட்டித் தனியாக வையுங்கள். சுகாதாரத் துறையிலிருந்து அழைக்கும்போது அந்த லேபிளில் இருக்கும் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.