முப்பத்திரண்டில் ஒன்று

கஞ்சிக்கோட்டில் ஒரு சிறிய பட்டறைக்கு, தென்னந்தோப்புப் பம்புசெட்டுகளை இயக்கும் சர்க்யூட் போர்டுகளை கீகேட் என்ற மென்பொருளில் வரைந்து கொடுக்கிறேன். அதில் ஒரு போர்டில் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் 32 இருந்தன. விலை குறைவான வேறு பார்ட் நம்பருக்கு மாற்றச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்? எல்லாப் பாகங்களின் விவரமும் ஒரே அட்டவணையாக வரும் சிம்பல் ஃபீல்ட்ஸ் டேபிளைத் திறந்தேன். மதிப்பை மட்டும் வைத்து குரூப் செய்திருந்ததால் 32-ம் ஒரே வரியில் வந்து நின்றன. அந்த வரியில் புதிய பார்ட் நம்பரையும் 50 வோல்ட் என்பதையும் எழுதினேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்டோர்ஸில் இருந்து போன். கொழிஞ்சாம்பாறைப் பெண், பல வருடமாக அங்கே சாமான் எடுத்துக் கொடுப்பவர். "அண்ணா, இந்த சி1 எப்பவும் மஞ்சப் பெட்டிதானே? லிஸ்ட்ல 50 வோல்ட் செராமிக்னு இருக்கே?"

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. சி1 என்பது லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே உட்காரும் எக்ஸ்2 கெப்பாசிட்டர், மெயின்ஸ் மின்சாரத்துக்கென்றே உள்ள வகை. அதன் மதிப்பும் 100 நானோதான்; ஆனால் 275 வோல்ட் ஏசி தாங்க வேண்டியது. 230 வோல்ட் ஏசியின் உச்சமே சுமார் 325 வோல்ட். அங்கே 50 வோல்ட் சரக்கைப் போட்டால் வெடிக்கும். ஈரக்கையோடு அந்தப் பெட்டியின் சுவிட்சைத் தொடப்போவது ஒரு விவசாயி.

மென்பொருளே செய்யும் சோதனைகளான இஆர்சி (சர்க்யூட் வரைபடத்துக்கு), டிஆர்சி (போர்டுக்கு) இரண்டும் இதைப் பிடிக்காது. அவை இணைப்பையும் இடைவெளியையும் பார்க்கும். நாம் எழுதிவைத்த வோல்டேஜ் சரியா என்று பார்க்காது.

அதே டேபிளில் பூட்பிரிண்டுக்கும் (போர்டில் பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) குரூப் டிக் போட்டிருந்தால் 31 தனியாகவும் 1 தனியாகவும் பிரிந்திருக்கும். செராமிக்குகள் 0805 என்ற சின்ன, கால் இல்லாத அளவு; எக்ஸ்2 கால் வைத்த பெட்டி. ஆல்டியம் என்ற இன்னொரு மென்பொருளில் ஃபைண்ட் சிமிலர் ஆப்ஜெக்ட்ஸ் திறந்தாலும் இதே கதைதான்: மதிப்புக்கு மட்டும் 'சேம்' கொடுக்காமல் பூட்பிரிண்டுக்கும் கொடுங்கள். மாஸ்க் வைத்தால் சிக்காதவை மங்கிப்போகும். எத்தனை சிக்கின, எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

தேடலில் சிக்காமல் போவதும் உண்டு. ஒருவர் 100என் என்பார், இன்னொருவர் 0.1யூஎஃப் என்பார். பொருள் ஒன்றுதான், எழுத்து வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பழைய ஸ்கீமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடம்) இருந்து காப்பி எடுத்த பகுதிகளில் இது நிறைய. முதலில் எழுதும் முறையை ஒன்றாக்குங்கள், அப்புறம் தேடுங்கள்.

போர்டின் செம்புக் கோடான டிராக்கின் அகலத்தை மொத்தமாக மாற்றும்போது நெட் கிளாஸ் (ஒரே விதிக்குள் வரும் இணைப்புகளின் குழு) ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் டிஆர்சி ஓட்டுங்கள்; கால்கள் நெருக்கமான ஐசி பக்கத்தில்தான் பெரும்பாலும் இடிக்கும்.

இப்போதெல்லாம் மாற்றத்துக்கு முன் ஒரு பிஓஎம் (பாகங்களின் பட்டியல்), பின் ஒரு பிஓஎம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சி1-இன் மதிப்பையும் '100என் எக்ஸ்2' என்றே எழுதிவிட்டேன். இனி அது செராமிக் கூட்டத்தோடு ஒரே வரியில் சேராது.